இரண்டு கார்புரேட்டர், ஒரே மூச்சு

பீல், மேன் தீவு
19 ஏப்ரல் 1998

திரு. ஹாட்லி அவர்களுக்கு,

1968 ஜூன் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஷெட்டில் இருந்தவர்கள்: என் கணவர் நார்மன் ஸ்கிலிகார்ன், அன்று மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டப்போகிறவர். அவருடைய தம்பி சிசில், வண்டியை வேனில் ஏற்றிப்போக வந்தவன். பக்கத்து வீட்டு மிசஸ் க்ரெட்னி, பொன்னாக் ரொட்டி கொண்டுவந்தவள், அதில் திராட்சை கம்மி. நான், இடுப்பில் இரண்டு வயது டெரிக்கோடு. எங்கள் நாய் ஸ்கிட். கடைசியாக நீங்கள், இரண்டு கார்புரேட்டரையும் டியூன் செய்து முடித்துவிட்டுத் துணியில் கை துடைத்துக்கொண்டு, "ஹில்டா, இப்ப பாரு, பூனை மாதிரி கத்தும்" என்று சொன்னீர்கள். பிறகு எல்லோரும் பன்னிரண்டு படி ஏறி டீ குடிக்க வீட்டுக்குள் வந்தோம்.

அந்தப் பூனை சல்பி நேர்ச்சாலையில் முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்து, பின்சக்கரம் நின்றுபோய், நார்மனைக் கல்சுவரில் அடித்தது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் வெந்துபோயிருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவருடைய வலது முழங்கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. இருபத்தொரு வருஷம் நீட்டிய காலோடு தன் செருப்பு தைக்கும் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். என் மகன் டெரிக் அந்த வண்டியை டக்ளஸில் ஒரு ஹோட்டல்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். மதுக்கூடத்துச் சுவரில், மான் தலையை மாட்டுகிற மாதிரி, மாட்டப்போகிறார்களாம். "ஓடாத வண்டி ஷெட்ல இருந்தா என்ன, சுவத்துல இருந்தா என்னம்மா?" என்கிறான். "ஓடினா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "ஆகஸ்ட்ல பழைய பந்தய வண்டிங்க அணிவகுப்புல ஒரு சுத்து முழுசா ஓடிட்டா அப்புறம் பேச்சே இல்ல" என்றான். பையன் வாயால் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டப்போவது நான்தான். அறுபத்தாறு வயதானால் என்ன? முப்பது வருஷம் மீன் புகைபோடும் கொட்டகைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவள்.

லாக்ஸியில் லேத் வைத்திருப்பவர் எஞ்சினைச் சரிசெய்து கொடுத்துவிட்டார். கார்புரேட்டரை மட்டும் தொட மாட்டேன் என்கிறார். "இரட்டைப் பிள்ளைங்கள ஒரே நேரத்துல தூங்கவைக்கிற வேலை அது, மிசஸ் ஸ்கிலிகார்ன். அந்த வண்டியோட குணம் தெரிஞ்சவங்களாலதான் முடியும்" என்றார். குணம் தெரிந்தவர்களில் உயிரோடிருப்பது நீங்கள் ஒருவர்தான். அது கடவுள் பார்த்த வேலை, நான் என்ன செய்ய?

நார்மன் இறந்தபோது நீங்கள் அனுப்பிய அட்டையை அடுப்பில் போட்டேன். உறையில் முகவரி இருந்தது, அதனால் உறையை வைத்திருந்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். போன் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

ஹில்டா ஸ்கிலிகார்ன்


கவென்ட்ரி
27 ஏப்ரல் 1998

ஹில்டா,

உன் கடிதத்தில் "நீங்கள்" என்று படித்ததும், வருமான வரிக்காரர்கள் எழுதியிருக்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். ஆறு கோடைக்காலம் உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். "ஏய் வில்ஃப், பூட்ஸக் கழட்டிட்டு வா" என்பதைத் தவிர நீ என்னை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

போன் வேண்டாம் என்றாய், நல்லது. எனக்கு இடது காது போய்விட்டது. இருபத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் வேலை பார்த்தால் அப்படித்தான். அந்த ஜூனுக்குப் பிறகு எந்தப் பந்தயக்காரனும் தன் வண்டியை என்னிடம் விடவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தால் சந்தோஷப்படுவாய் என்பதால் சொல்கிறேன்.

வேலைக்கு வருவோம். இரண்டு கார்புரேட்டரையும் கழற்று. இடது வலது மாறாமல் இரண்டு தனி டப்பாவில் போடு. உள்ளே பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போகும் துளை தலைமுடி அளவுதான் இருக்கும். கம்பி விட்டுக் குத்தாதே, துளை பெரிதாகிவிடும். பிரஷ் முடி ஒன்றை விட்டுச் சுத்தம் செய். காற்று உள்ளே போகும் வாயில் எலிக் கூடு இருக்கிறதா என்றும் பார்.

திரும்ப மாட்டியதும், உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு இரண்டும் ஒன்றாக எழும்ப வேண்டும். ஒன்று முன்னால் ஒன்று பின்னால் என்றால் ஒரு சிலிண்டர் இழுக்கும், மற்றது தூங்கும். ஒரே கனமுள்ள இரண்டு கம்பியை எடுத்துக்கொள். உன் பின்னல் ஊசி ஜோடியே போதும். ஒவ்வொரு ஸ்லைடுக்கு அடியிலும் ஒன்றை வைத்து ஸ்லைடை இறக்கு. பிறகு ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகு. இரண்டு ஊசியும் ஒரே கணத்தில் நழுவி விழ வேண்டும். எது முந்துகிறதோ அந்தப் பக்கத்து கேபிளை ஒரு மயிரளவு தளர்த்து. ஒன்றாக விழும்வரை செய். பொறுமை உனக்கு இல்லை, ஆனால் பிடிவாதம் இருக்கிறது. அதுவே போதும்.

வில்ஃப்


பீல்
11 மே 1998

திரு. ஹாட்லி அவர்களுக்கு,

முதலில் ஒன்று. எங்கள் தீவில் அந்த மிருகத்தின் பெயரைச் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை. ஆறு கோடை இங்கே சாப்பிட்டும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர் அப்பாலிருந்து வந்தவர்தான். நீளவால் என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே ஷெட் கதவு என் விரலில் சாத்தியது. நீளவால் கூடு இருந்தது, வலது பக்கம். குடும்பத்தோடு காலிசெய்ய வைத்தேன்.

துளைகளைச் சுத்தம் செய்துவிட்டேன். பெயின்ட் பிரஷ் முடி உள்ளே போகவில்லை. டெரிக்கின் மனைவி முகத்துக்குப் பூசும் பிரஷ்ஷில் இருந்து நாலு முடி பிடுங்கினேன். அவளிடம் சொல்லவில்லை.

பின்னல் ஊசி நாற்பத்தோரு தடவை விழுந்தது. நாற்பது தடவை இடதுதான் முந்தியது. நாற்பத்தோராவது தடவை இரண்டும் சேர்ந்து தரையில் விழுந்த சத்தத்துக்கு, ஷெட்டில் தனியாக நின்று நானே "ஆமென்" சொன்னேன். உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். மையால் எழுதிவிட்டேன், அழிக்க முடியவில்லை.

நேற்று எங்கள் தெரு இறக்கத்தில் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். டெரிக் தள்ளினான், வாயை மூடிக்கொண்டு. பிடித்துக்கொண்டது! முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒன்பது வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். மெதுவாகப் போனால் போகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் இருமுகிறது, கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்புகிறது, சோர்ந்துபோகிறது. இதற்கு என்ன?

ஷெட்டில் நீங்கள் விட்டுப்போன நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 12 ஜூன் தேதி போட்டு, "மெயின் ஜெட் 240, இரண்டு பக்கமும்" என்று உங்கள் கோழிக் கிறுக்கல். அது சரிதானே? உங்கள் கடிதமும் வந்தாயிற்று, அதில் ஒரு இடத்தில் கூட நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஹில்டா ஸ்கிலிகார்ன்


கவென்ட்ரி
18 மே 1998

ஹில்டா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முழுதாகத் திருகும்போது துப்புகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. மெயின் ஜெட்தான் காரணம். அது பித்தளைத் திருகு மாதிரி இருக்கும், நடுவில் துளை. தலையில் பொறித்திருக்கும் எண் பெரிதானால் பெட்ரோல் அதிகம் போகும்.

இந்த உறையில் காகிதத்தில் சுற்றி இரண்டு ஜெட் வைத்திருக்கிறேன். 240. கூடவே இரண்டு சிவப்பு வாஷர். ஒவ்வொரு கார்புரேட்டருக்கு அடியிலும் ஒரு பெரிய நட்டு இருக்கும். அதைத் திற, பழைய ஜெட்டைக் கழற்று, இதை மாட்டு, புது வாஷர் போட்டு மூடு. அவ்வளவுதான்.

பழையதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அது தேய்ந்துபோனது, எதற்கும் உதவாது. அதையும் அதோடு வரும் வாஷரையும் ஒரு கையில் அள்ளி, துறைமுகச் சுவருக்கு வெளியே எறிந்துவிடு. இதை எனக்காகச் செய்.

வில்ஃப்


பீல்
25 மே 1998

வில்ஃப் ஹாட்லி,

பார்க்காதே என்று என்னிடம் சொன்ன மனிதர்கள் மூன்று பேர். மூன்று பேர் சொன்னதையும் பார்த்திருக்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இடது 220. வலது 220. டெரிக்கைக் கூப்பிட்டு அவனையும் படிக்கச் சொன்னேன். 220.

நோட்டில் 240 என்று எழுதிவிட்டு உள்ளே 220 போட்டிருக்கிறாய். சின்ன எண்ணானால் பெட்ரோல் குறைச்சல் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். பெட்ரோல் குறைந்ததால்தான் வெந்தது. இத்தனை வருஷம் உன்னைக் கவனக்குறைவானவன் என்று நினைத்துத் திட்டினேன். நீ பொய்யன். இப்போது கடலில் போடச் சொல்லிச் சாட்சியையும் அழிக்கப் பார்த்தாய்.

கடலில் போடவில்லை. சாப்பாட்டு மேசை மேல், உப்புக் குடுவை பக்கத்தில் இருக்கிறது.

ஹில்டா


கவென்ட்ரி
3 ஜூன் 1998

ஹில்டா,

முப்பது வருஷமாகப் பேசாமல் இருந்த ஒன்றைப் பேசுகிறேன். பொய்யன் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து என் சாமான்களை எடுத்து வைத்தேன். என் ஜெட் டப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குழி. 220-இன் குழி காலியாக இருந்தது. 240-இன் குழியில் நான் வண்டிக்குள் மாட்டிய இரண்டும் பெட்ரோல் வாசனை போகாமல் கிடந்தன. உனக்கு அனுப்பியது அந்த இரண்டையும்தான். அதற்குப் பிறகு அவற்றை எந்த வண்டிக்கும் போடவில்லை.

யாரோ மாற்றியிருக்கிறார்கள். நான் கை துடைத்ததற்கும் சிசில் வேனில் ஏற்றியதற்கும் நடுவில்.

பெயர் சொல்ல மாட்டேன். உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் ஒரு வாஷரை இரண்டாம் தடவை போட்டு நீ பார்த்திருக்கிறாயா? திறந்தால் பழையதை எறிவேன், சிவப்பில் புதிது போடுவேன். நீயே என்னைக் கேலி செய்வாய், "ராணி வீட்டு வாஷர்" என்று. அன்று என் சிவப்பு வாஷர்கள் என் சட்டைப் பையில் இருந்தன, நான் மேலே டீ குடித்துக்கொண்டிருந்தேன். திறந்தவனிடம் புது வாஷர் இருந்திருக்காது. பழையது நசுங்கியிருக்கும், ஒழுகியிருக்கும். அவன் கைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் மூடியிருக்க வேண்டும்.

நட்டோடு வந்த வாஷரை நீ இன்னும் எறியவில்லை என்றால் எறிந்துவிடு என்றுதான் இப்போதும் சொல்வேன்.

வில்ஃப்


பீல்
12 ஜூன் 1998

வில்ஃப்,

தோல்.

இரண்டும் தோலில் வெட்டிய வளையம். செருப்பின் நாக்குக்குப் போடும் பழுப்புத் தோல். நார்மனின் வட்ட உளியில் ஒரு பல் உடைந்திருந்தது. அவர் வெட்டிய வட்டம் எதுவானாலும் ஓரத்தில் சின்ன மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பீலில் பாதிப்பேரின் செருப்பில் அந்த மூக்கு உண்டு. இந்த இரண்டிலும் உண்டு. உளியை அலமாரியிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தும் பார்த்துவிட்டேன். மாலை நாலு மணியிலிருந்து ஆறு வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். டெரிக் வந்து, "என்னம்மா, சாப்பாடு இல்லையா?" என்றான். இல்லை என்றேன்.

என் ஞாபகத்தை இந்த ஊரில் எல்லோரும் பயத்தோடு பேசுவார்கள். அந்த ஞாபகத்தில் ஒரு பொய் இருந்திருக்கிறது. எல்லோரும் படி ஏறி வந்தோம் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். எல்லோரும் வரவில்லை. மிசஸ் க்ரெட்னி முன்னால், பிறகு நான் டெரிக்கோடு, சிசில், நீ, கடைசியில் நாய். நார்மன் கீழேயே நின்றார். "நீங்க போங்க, நான் இவளோட ரெண்டு நிமிஷம் தனியா இருந்துட்டு வர்றேன்" என்றார். மிசஸ் க்ரெட்னி, "ஜெபம் பண்றாரு போல" என்றாள். டீ ஆறிப்போகும் வரை வரவில்லை. நான் இரண்டாவது தடவை அவருக்கு ஊற்ற வேண்டியிருந்தது. இது எனக்குத் தெரியும், வில்ஃப். எப்போதும் தெரியும். ஜெபம் என்று கணக்கில் வைத்திருந்தேன்.

விபத்துக்குப் பிறகு அவர் அந்த ஷெட் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. "எவனும் தொடக் கூடாது" என்பார். படி இறங்கி ஒருநாளும் போகவும் இல்லை. துக்கம் என்று நினைத்தேன். கால் மடங்காத மனுஷன் ஊன்றுகோலில் கடைக்கு நடந்தான், சர்ச்சுக்கு நடந்தான், அந்தப் பன்னிரண்டு படியை மட்டும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் மாற்றி வைத்திருக்கலாம். அதற்கும் நெஞ்சு இல்லை.

உனக்குத் தெரியும். டப்பாவைப் பார்த்த அன்றே தெரியும். தெரிந்துகொண்டு என்னை முப்பது வருஷம் உன்னைத் திட்ட விட்டிருக்கிறாய். ஏன்? நான் என்ன குழந்தையா?

பதில் எழுது. டியூனிங் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் இதற்கு எழுது.

ஹில்டா


கவென்ட்ரி
20 ஜூன் 1998

ஹில்டா,

முதல் நாள் பயிற்சி முடிந்து வந்த நார்மன், மலை ஏறும்போது வண்டி அடைத்துக்கொள்கிறது என்றான். விடிகாலை, மலை முழுக்க மூடுபனி, காற்று கனமில்லை. அங்கே எந்த வண்டியும் அப்படித்தான் திணறும். "ஜெட்டக் குறைடா" என்றான். "மலையில நல்லா ஓடும், சல்பியில செத்துரும். கடல் மட்டத்துல, காய்ஞ்ச காத்துல, ஒரு மைலுக்கு மேல முழுசாத் திருகிப் பிடிப்ப, எஞ்சின் வெந்துரும்" என்றேன். அவன் சரி என்றான். சரி என்றவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அதுதான் என் தப்பு, அதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்தான்.  விடவே இல்லை. அவனே உன்னிடம் சொல்வான் என்று நினைத்தேன். அந்த வாரம் இல்லை என்றால் அந்த வருஷம். நான் சொன்னால் கால் போனவனுக்கு வீடும் போகும், உன்னை எனக்குத் தெரியும். நான் தனி ஆள், கப்பலேறிப் போய்விடலாம். அப்படிக் கணக்குப் போட்டேன். பிறகு வருஷங்கள் ஆகிவிட்டன, அப்புறம் எதைச் சொல்ல?

நீ என்ன குழந்தையா என்று கேட்டாய். இல்லை. உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவெடுத்தேன். அது சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

240 இரண்டையும் மாட்டு. நீண்ட சாலையில் முழுதாகத் திருகிப் பிடி. அப்படியே கிளச்சை இழுத்து, எஞ்சினை அணைத்து, உருண்டு நின்று, பிளக்கைக் கழற்றிப் பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கறுத்திருந்தால் அதிகம். வெந்த பிஸ்கட் நிறம் வர வேண்டும். நிறத்தைப் பார்க்காமல் அணிவகுப்புக்குப் போகாதே.

வில்ஃப்


பீல்
14 ஜூலை 1998

வில்ஃப்,

உனக்குப் பதில் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. முதல் இரண்டு வாரம் கோபம். யார்மேல் என்று எனக்கே பிடிபடவில்லை, அதனால் வண்டி வேலையில் இறங்கினேன்.

நீண்ட சாலை என்றாயே, இந்தத் தீவில் எனக்கு ஒரே நீண்ட சாலைதான் உண்டு. சல்பிக்கே போனேன். காலை ஆறு மணி, காய்ந்த காற்று. முழுதாகத் திருகினேன். துப்பவில்லை, இருமவில்லை. அந்தக் கல்சுவர் பக்கத்தில் வந்து பக்கத்திலேயே போயிற்று. பாலத்துக்கு முன்னால் அணைத்து உருண்டு நின்றேன்.

பிளக்கைக் கழற்றும்போது கான்ஸ்டபிள் காரில் வந்து நின்றார். நேற்று முளைத்த மீசை.

"மிசஸ் ஸ்கிலிகார்ன், எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"இந்த ரோட்டுல வேகத்துக்குச் சட்டம் எப்ப போட்டாங்க?"

"போடல. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"அப்படின்னா டார்ச்ச இப்படிப் பிடிப்பா. இது என்ன நிறம், சொல்லு."

குனிந்து பார்த்தார். "எங்க அம்மா சுடுற பிஸ்கட் மாதிரி இருக்கு."

"உங்கம்மா கருக்குவாளே."

"இல்ல, நல்லா வர்ற அன்னைக்கு."

இரண்டு பிளக்கும் அதே நிறம். வில்ஃப், நீ 1968-இல் சரியாகத்தான் போட்டிருந்தாய். அந்தச் சாலையிலேயே தெரிந்துகொண்டேன்.

ஐட்லிங்கும் வைத்துவிட்டேன். ஒரு பிளக் வயரைப் பிடுங்கி மற்ற சிலிண்டரை மட்டும் ஓடவிட்டு, பிறகு மாற்றி, கடைசியில் இரண்டையும் சேர்த்து. நீ அப்போது செய்வதைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்ததுதான். இரண்டு சைலன்சர் வாயிலும் ஒவ்வொரு உள்ளங்கை வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி மூச்சுவிட்டன. வலது மட்டும் சூடானதும் கொஞ்சம் அலைகிறது.

டெரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா பேரக் கெடுக்காதீங்கம்மா. செத்தவர்தானே" என்றான். "செத்தவர் பேருக்கு இவ்வளவு பாக்கிற. உயிரோட இருக்கறவன் பேர் முப்பது வருஷமா தெருவுல கிடக்குதே, அத யார் பாக்கறது?" என்றேன். அணிவகுப்பில் வண்டியோடு ஓட்டுபவர் பெயரையும் டியூன் செய்தவர் பெயரையும் ஒலிபெருக்கியில் படிப்பார்கள். சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியது நான்.

ஹில்டா


கவென்ட்ரி
22 ஜூலை 1998

ஹில்டா,

சீட்டில் என் பெயர் வேண்டாம். டெரிக் சொல்வது சரி. எனக்கு எழுபது ஆகிறது, இந்தத் தெருவில் என்னை யாருக்கும் டியூனராகத் தெரியாது, ரிட்டயர்டு பஸ்காரனாகத்தான் தெரியும். அது எனக்குப் பழகிவிட்டது.

வலது அலைவதற்கு: காற்றுத் திருகைக் கால் சுற்று உள்ளே திருகு. அதற்கு மேல் வேண்டாம்.

நிறம் பிஸ்கட் என்று படித்ததும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பூங்கா வரை நடந்து போய்விட்டு வந்தேன்.

வில்ஃப்


பீல்
31 ஆகஸ்ட் 1998

வில்ஃப்,

ஓடியது. ஒரு சுற்று, முப்பத்தேழு மைல், எங்கும் நிற்கவில்லை.

புறப்படும் முன் நடந்த சோதனையில் ஒரு ஆள் கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தான். கை வைக்காமல் ஒரு நிமிஷம் தானாக ஓட வேண்டும் என்றான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிமிஷம் முடிந்த பிறகும் நின்றான். "யார் பண்ணது இத?" என்றான். "சீட்டப் படி" என்றேன்.

ஆமாம், எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னால் கேட்க நீ என்ன என் புருஷனா? புருஷன் சொன்னதைக் கேட்டே இந்தக் கதி. ஒலிபெருக்கிக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "மிசஸ் ஸ்கிலிகார்ன், இது முழுசாச் சொல்லணுமா?" என்றார். "எழுத்து புரியலையா, காரணம் புரியலையா?" என்றேன். சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது: "ஓட்டுபவர் ஹில்டா ஸ்கிலிகார்ன், பீல். கார்புரேட்டர் டியூனிங் வில்ஃப் ஹாட்லி, கவென்ட்ரி. 1968-இலும் இவரே. அன்றும் இவர் சரியாகவே செய்திருந்தார். மாற்றியது வேறொருவர்." மேடையில் உட்கார்ந்திருந்த பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் நாலு பேர் அந்த வருஷம் தங்கள் வண்டியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள். பெயர் வேண்டுமானால் சொல்கிறேன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மலையில் மூடுபனி இருந்தது. அங்கே வண்டி கொஞ்சம் திணறியது. திணறட்டும் என்று விட்டேன். கீழே இறங்கியதும் தானாகச் சரியாயிற்று. அதற்குப் பொறுமை இல்லாமல்தான் ஒருத்தன் அத்தனையும் செய்தான்.

டெரிக் முடிவுக் கோட்டருகே நின்றிருந்தான். ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஹோட்டல்காரன் வேனோடு வந்திருந்தான், அவனைத் திருப்பி அனுப்பியதும் டெரிக்தான். "சுவத்துக்கு வேற ஏதாவது பாத்துக்குங்க சார். இது ஓடுற வண்டி."

வலது இன்னும் அலைகிறது. கால் சுற்று போதவில்லை. நீ வந்து பார். அடுத்த மாதம் கப்பல் கூட்டம் குறைவு. பின் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன், பூட்ஸைக் கழற்றிவிட்டு வா. சொல்லாமல் இருந்ததற்கு உன்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. மீதியை நேரில் பார்த்துக்கொள்ளலாம், நீ எதிரே உட்கார்ந்து வாங்கிக்கட்டிக்கொண்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஜெட்டை மாற்றியதை என்னால் விட்டுவிட முடியும். வேகத்துக்கு ஆசைப்படாதவன் இந்தத் தீவில் பிறந்திருக்க மாட்டான். ஆனால் ஒவ்வொரு ஜூனும், சாப்பாட்டு மேசையில், நான் உன் பெயரைச் சொல்லிக் கரித்துக்கொட்டும்போது, அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "விடு ஹில்டா, பாவம், அவன் வேணும்னு செய்யல" என்பான். இருபத்தொரு ஜூன். சர்ச்சில் எல்லோரும் எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் என் மனசு சின்னது என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை என்னிடம் யார் திருப்பிக் கொடுப்பது? நேற்று கல்லறைக்குப் போய் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன், உனக்கும் எழுதி வைக்கிறேன். நான் சாகும்வரை மன்னிக்கப்போகாத ஒரே ஆள், நார்மன் ஸ்கிலிகார்ன்.

ஹில்டா